நின்று நின்று வரும் பாட்டு: வீட்டு இணையத்தில் கோளாறு எங்கே என்று பிடிப்பது எப்படி

பாட்டு பாதியில் நின்றால் பெரும்பாலான வீடுகளில் முதலில் நடப்பது திட்டத்தை மாற்றுவது. 40 எம்பிபிஎஸ் 100 ஆகும், மாத பில் ஏறும், பாட்டு மட்டும் பழையபடி நின்று நின்று வரும். கணக்கைப் பார்த்தால் காரணம் புரியும். ஸ்பாட்டிஃபையில் 'வெரி ஹை' என்று வைத்தாலும் தேவைப்படுவது 320 கேபிபிஎஸ் (ஆயிரம் கேபிபிஎஸ் ஒரு எம்பிபிஎஸ்). ஒரு எம்பிபிஎஸ்ஸில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாது. ஆப்பிள் மியூசிக்கின் சாதாரணத் தரம் 256. சிடி தரத்தைச் சுருக்காமல் அப்படியே அனுப்பினால் 1,411. 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்கிற உச்சத் தரத்தைச் சுருக்காமல் கணக்கிட்டாலும் 9.2 எம்பிபிஎஸ்தான். பத்து எம்பிபிஎஸ் வரும் வீட்டில் பாட்டு நிற்கிறது என்றால் வேகம் போதவில்லை என்று பொருள் இல்லை. வழியில் எங்கோ சில விநாடிகளுக்கு வரத்து அறுந்துபோகிறது.

வேகச் சோதனை இதைக் காட்டாது. அது ஓடுவதே பதினைந்து, இருபது விநாடி. பல இணைப்புகளை ஒரே நேரத்தில் திறந்து அளக்கும். பல சமயம் அதன் சர்வர் உங்கள் இணைய நிறுவனத்தின் வளாகத்திலேயே இருக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எட்டு விநாடி அறுந்துபோகும் லைன்கூட அதில் முழு மதிப்பெண் வாங்கிவிடும்.

பாட்டுச் செயலி மாடியில் இருக்கும் சின்டெக்ஸ் தொட்டி மாதிரி வேலை செய்கிறது. அடுத்துப் பாட வேண்டியதை முன்கூட்டியே இழுத்து நிரப்பி வைத்துக்கொள்ளும். குழாயில் கொஞ்ச நேரம் வரத்து நின்றாலும் தொட்டியில் இருப்பதை வைத்துப் பாட்டு ஓடும். தொட்டி வற்றிய பிறகுதான் நமக்குத் தெரிகிறது. ஆகவே லைன் அறுந்த நேரமும் பாட்டு நின்ற நேரமும் ஒன்றல்ல. அரை நிமிடம், ஒரு நிமிடம் முன்னால் நடந்ததைத் தேட வேண்டும். நேரலை வானொலிக்கு இவ்வளவு பெரிய தொட்டி கிடையாது. நியூஸ் ஆன் ஏர் செயலியில் அகில இந்திய வானொலியின் ஏதாவது ஒரு நிலையத்தை வைத்துவிட்டு உட்கார்ந்தால், பாட்டுச் செயலி மூடி மறைக்கிற சின்ன அறுப்பெல்லாம் உடனே காதில் விழும். சோதனைக்கு அதைப் பயன்படுத்துங்கள்.

செங்கோட்டை, புளியரையிலிருந்து கம்பம், குமுளி வழியாக மேலே கொழிஞ்சாம்பாறை வரை தமிழ்நாடு, கேரள எல்லை மலையோரத்தில் வசிக்கிறவர்களுக்குச் சில கூடுதல் காரணங்கள் உண்டு. கணவாய்க் காற்று, ஆனி ஆடிச் சாரல், ஐப்பசி இடி, மோட்டார் ஓடினால் சரியும் வோல்டேஜ், இரண்டு மாநில டவர்களுக்கு நடுவில் தவிக்கும் போன். சமவெளி நகரத்துக்காக எழுதப்பட்ட குறிப்புகளில் இவை இருக்காது. அதனால் இங்கே அவற்றுக்கு இடம் கூடுதல்.

காதை வைத்து முதல் பிரிவு

பாட்டு எப்படி நிற்கிறது என்பதே பாதி விடை. அரை விநாடி வெட்டு, மறுபடி பாட்டு, மறுபடி வெட்டு என்று தத்தித் தத்தி வந்தால் அது பெரும்பாலும் புளூடூத். இணையத்தில் ஒரு துண்டு தொலைந்தால் செயலி அதை மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளும். ஆகவே இணையக் கோளாறு கரகரப்பாகவோ தத்தலாகவோ வராது, முழு மௌனமாக வரும். நன்றாகப் பாடிக்கொண்டிருந்து சட்டென்று மௌனமாகி, திரையில் வட்டம் சுற்றி, பத்து இருபது விநாடி கழித்துத் தானாகத் தொடர்ந்தால் வைஃபை அல்லது லைன்.

ஒரு பாட்டு முழுசாக முடிந்து அடுத்தது மட்டும் தொடங்காமல் நின்றால் போனின் பேட்டரி கட்டுப்பாடு, டிஎன்எஸ் (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை), அல்லது நிறுவனத்தின் பக்கமுள்ள முகவரிப் பகிர்வு (பல வீடுகளுக்கு ஒரே இணைய முகவரி). நின்றது நின்றதுதான், மறுபடி பொத்தானை அழுத்தினால்தான் பாடுகிறது என்றால் இணையத்தையே சந்தேகிக்க வேண்டாம். ஒன்று போன் செயலியை மூடியிருக்கும், அல்லது அதே கணக்கில் வீட்டில் வேறொருவர் பாட்டு வைத்திருப்பார். ஸ்பாட்டிஃபையில் ஒரு கணக்குக்கு ஒரு நேரத்தில் ஒரு கருவியில்தான் பாட்டு ஓடும். மகள் கல்லூரி விடுதியில் அதே கணக்கில் பாட்டைத் தொட்டால் இங்கே வீட்டில் ஸ்பீக்கர் அடங்கிவிடும்.

நான்கு சோதனை, அரை மணி நேரம்

எந்த அமைப்பையும் மாற்றுவதற்கு முன் இந்த நான்கையும் இதே வரிசையில் செய்யுங்கள். ஒவ்வொன்றும் வழியில் ஒரு துண்டைக் கழித்துவிடும்.

ஒன்று: போனில் ஏற்கெனவே இறக்கி வைத்த பாட்டை, ஏரோபிளேன் மோடில் புளூடூத்தை மட்டும் ஆன் செய்து, வழக்கமான ஸ்பீக்கரில் ஐந்து நிமிடம் பாட விடுங்கள். இதிலும் வெட்டினால் இணையத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இரண்டு: ஸ்பீக்கரை விட்டுவிட்டு, மோடத்திலிருந்து இரண்டு மூன்று மீட்டருக்குள் நின்று, போனின் சொந்த ஒலிபெருக்கியிலேயே நேரலை வானொலி கேளுங்கள். இங்கே சீராக ஓடி, படுக்கையறையில் நின்றால் வைஃபை எட்டவில்லை.

மூன்று: மோடத்தின் அருகிலும் நின்றால், வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் அதே நிலையத்தைக் கேளுங்கள். அங்கே சரியாக ஓடினால் போனும் செயலியும் குற்றமற்றவை.

நான்கு: லேப்டாப் இருந்தால் லேன் கேபிளை மோடத்தில் நேராகச் செருகிக் கேளுங்கள். கேபிளிலும் நின்றால் பெரும்பாலும் மின்சாரம், ஃபைபர், நிறுவனம் ஆகிய மூன்றில் ஒன்று.

நான்காவது சோதனையின்போதே பிங் (ஒரு முகவரிக்குச் சின்னச் செய்தி அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் கட்டளை) ஓட விடுவது நல்லது. விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டை இரண்டு ஜன்னலாகத் திறக்கவும். முதல் ஜன்னலில் ஆங்கில எழுத்தில் பிங் என்று தட்டி, இடைவெளி விட்டு மோடத்தின் எண்ணை (பெரும்பாலும் 192.168.1.1, சிலவற்றில் 192.168.0.1) தட்டி, மறுபடி இடைவெளி விட்டு சிறுகோடும் டி எழுத்தும் சேர்த்து என்டர் அடிக்கவும். இரண்டாவதில் அதே மாதிரி, எண் மட்டும் 8.8.8.8 (இது கூகுளின் சர்வர்). இரண்டும் விநாடிக்கு ஒரு வரி வீதம் ஓடிக்கொண்டே இருக்கும். பாட்டை வைத்துவிட்டு இரண்டு ஜன்னலையும் பாருங்கள்.

கேபிளில் மோடத்துக்கான நேரம் ஒன்று இரண்டு மில்லிவிநாடிக்கு மேல் போகக் கூடாது. வெளியே 8.8.8.8க்கு இந்தப் பக்கங்களில் 15 முதல் 50 வரை வரலாம். எண் எது என்பதைவிட அது சீராக இருக்கிறதா என்பது முக்கியம். 22, 23, 22, 24 என்று போய்க்கொண்டிருந்து 'ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்' என்று நான்கைந்து வரி விழுந்தால் அதுதான் நீங்கள் தேடிய அறுப்பு. அந்த நேரத்தில் முதல் ஜன்னல் ஒழுங்காக ஓடினால் குற்றம் வீட்டுக்கு வெளியே. இரண்டும் சேர்ந்து நின்றால் மோடமே தடுமாறுகிறது, அல்லது கேபிள் முனை ஆடுகிறது. அறுப்பு இல்லாமல் 22 என்பது திடீரென 400, 600 என்று ஏறி இறங்கினால் அது வேறு வியாதி. அதைப் பின்னால் பார்ப்போம். லேப்டாப்பை இப்படியே ஒரு நாள் மாலை ஏழு மணியிலிருந்து பதினொன்று வரை ஓட விட்டு, அறுந்த நேரங்களை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு புகார் கொடுக்கும்போது அந்தத் தாள் உதவும்.

புளூடூத்தில் வெட்டினால்

புளூடூத்தும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையும் ஒரே அலைவரிசைப் பரப்பில்தான் இயங்குகின்றன. பல போன்களில் இரண்டுக்கும் ஆன்டெனாவும் ஒன்றுதான். போன் 2.4 வைஃபையில் பாட்டை இழுத்துக்கொண்டு அதையே புளூடூத்தில் ஸ்பீக்கருக்கும் அனுப்பினால் இரண்டும் முறை வைத்து வேலை செய்ய வேண்டும். சிக்னல் கொஞ்சம் பலவீனமானாலும் வெட்டும். போனை 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றினால் பல வீடுகளில் இந்த ஒரே மாற்றத்தில் சரியாகிவிடும்.

மைக்ரோவேவ் அடுப்பு ஓடும்போது மட்டும் வெட்டினால் அதற்கும் இதே காரணம்; அடுப்பின் அலையும் 2.45 ஜிகாஹெர்ட்ஸ்தான். ஸ்பீக்கரை அடுப்படியிலிருந்து நகர்த்துங்கள். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலையை மனித உடம்பும் உறிஞ்சும். போன் பேன்ட்டின் பின்பையில், ஸ்பீக்கர் முன்னால் என்றால் தூரம் மூன்று மீட்டராக இருந்தாலும் வெட்டு வரும்.

போன் செய்கிற வேலை

திரை அணைந்து சில நிமிடத்தில் நிற்கிறது, திரையைத் தொட்டால் ஓடுகிறது என்றால் பேட்டரி மிச்சம் பிடிக்கும் ஏற்பாடு. ஆண்ட்ராய்டில் அமைப்புகள், செயலிகள், பாட்டுச் செயலி, பேட்டரி என்று போய் 'அன்ரெஸ்ட்ரிக்டட்' என்று வையுங்கள். டேட்டா சேவர் ஆன் ஆக இருந்தால் பாட்டுச் செயலிக்கு விலக்குக் கொடுங்கள். சீனத் தயாரிப்பு போன்களில் 'ஆட்டோஸ்டார்ட்' என்று தனியாக ஒன்று இருக்கும். அதையும் அனுமதிக்க வேண்டும்.

வைஃபை அமைப்பில், சிக்னல் குறைந்தால் தானாக மொபைல் டேட்டாவுக்கு மாறும் வசதி இருந்தால் சோதனை முடியும் வரை அணைத்து வையுங்கள். மாறும் ஒவ்வொரு முறையும் இணைப்பு புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கும். போனில் குறைந்தது 1 ஜிபி காலியாக இருக்க வேண்டும். இடம் இல்லாவிட்டால் முன்கூட்டி நிரப்பும் தொட்டிக்கே இடமில்லை.

வைஃபை: சுவர், தகரம், சேனல்

வைஃபை சிக்னலை அளக்க பிளேஸ்டோரில் இலவச அனலைசர் செயலிகள் இருக்கின்றன. அளவு டிபிஎம் என்று மைனஸ் எண்ணில் வரும். மைனஸ் 67 அல்லது அதைவிட நல்லது (மைனஸ் 60, 50) என்றால் பாட்டு சீராக ஓடும். மைனஸ் 75க்குக் கீழே போனால் நிச்சயமில்லை. மைனஸ் 80ல் பிணைந்திருப்பதாகக் காட்டும், வரத்து இருக்காது.

எல்லைப் பக்கத்து வீடுகளில் சிக்னலைக் கொல்வது பெரும்பாலும் மூன்று. பழைய ஓட்டு வீட்டின் ஒன்றரை அடிச் சுவர். வெட்டுக்கல் வீட்டுக்கும் இதே கதை. மாடியில் மழைக்குப் போட்ட ட்ரஸ் தகரம். எஸ்டேட் லயங்களில் தகரத் தடுப்பு. தகரம் அலையை ஊடுருவ விடாது, திருப்பியடிக்கும். மோடத்தை இரும்பு பீரோவின் மேலோ டிவிக்குப் பின்னாலோ வைக்காதீர்கள். கேபிள்காரர் கதவுக்கு மேல் ஆணியடித்து மாட்டிவிட்டுப் போன இடம் அவருக்கு வசதியான இடம். பாட்டு கேட்கிற இடம் எது என்று பார்த்து, ஆளுயரத்தில், திறந்த இடத்தில் வையுங்கள்.

2.4 ஜிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் (அலைவரிசையின் உட்பிரிவுகள்) 1, 6, 11 மட்டும். அனலைசரில் பார்த்து, பக்கத்து வீடுகள் குறைவாக உள்ள ஒன்றை மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் (உலாவியில் மோடத்தின் எண்ணைத் தட்டினால் திறக்கும்) நிலையாக வைத்துவிடுங்கள். சேனலின் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். 'ஆட்டோ' என்று விட்டால் மோடம் நினைத்த நேரத்தில் சேனல் மாறும், மாறுகிற சில விநாடி எல்லாக் கருவியும் அறுந்து ஒட்டும். 3, 4, 8 என்று இடைப்பட்ட சேனலை 'காலியாக இருக்கிறதே' என்று எடுக்கக் கூடாது. இரண்டு பக்கத்துச் சத்தமும் வந்து விழும்.

5 ஜிகாஹெர்ட்ஸில் 36 முதல் 48 வரை ஏதாவது ஒன்று. 52க்கும் 144க்கும் இடைப்பட்டவை ராடாரோடு பகிர்ந்துகொள்ளும் சேனல்கள். ராடார் அலை போல எதையாவது கண்டால் மோடம் விதிப்படி உடனே சேனலை விட்டுவிட வேண்டும். அந்தப் பரப்பிலேயே வேறு சேனலுக்குப் போனால் குறைந்தது 60 விநாடி சும்மா கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் தொடங்க முடியும். காரணமே தெரியாமல் நாளுக்கு இரண்டு மூன்று முறை 5 ஜிகாஹெர்ட்ஸ் பெயரே மறைந்து ஒரு நிமிடம் கழித்து வருகிறது என்றால் இதைத்தான் முதலில் பாருங்கள்.

இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால், வீட்டின் நடுப்பகுதியில் போன் இங்குமங்கும் தாவும். பெயரைப் பிரித்து, பாட்டு வைக்கும் கருவியை ஒன்றிலேயே நிறுத்துங்கள். மோடம் இருக்கும் அறையிலும் அடுத்த அறையிலும் 5. அதற்கு அப்பால் 2.4.

ரிப்பீட்டர் (வைஃபை சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் பெட்டி) வாங்குவதாக இருந்தால் அதைச் சிக்னல் இல்லாத அறையில் செருகக் கூடாது. அங்கே அதற்கே எதுவும் கேட்காது. பாதி வழியில், மைனஸ் 65 வரை வரும் இடத்தில் வையுங்கள். ஆனால் மாடிக்கும் பின்கட்டுக்கும் கேட் 6 கேபிள் ஒன்றை இழுத்து, பழைய ரவுட்டர் ஒன்றை அந்த முனையில் வைப்பது ரிப்பீட்டரைவிட எவ்வளவோ மேல். நூறு மீட்டர் வரை கேபிள் தாங்கும். பழைய ரவுட்டரில் மூன்றே மாற்றம்: அதன் முகவரியை 192.168.1.2 என்று ஆக்கவும் (மோடம் 192.168.1.1 ஆக இருந்தால்), டிஹெச்சிபியை (கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் வேலை) அணைக்கவும், கேபிளை 'வேன்' (வெளி இணைப்பு) துளையில் போடாமல் லேன் துளையில் போடவும். டிஹெச்சிபியை அணைக்க மறந்தால் வீட்டில் இரண்டு பேர் முகவரி கொடுக்கத் தொடங்குவார்கள். சில கருவி ஓடும், சில ஓடாது, நாளொரு கோளாறாக இருக்கும். கேபிளைக் கட்டடத்துக்குள்ளேயே இழுங்கள். தோட்டம் தாண்டி அவுட்ஹவுஸுக்குச் செம்பு லேன் கேபிளை வெளியில் தொங்கவிட்டால் ஐப்பசி இடியில் இரண்டு முனையிலும் உள்ள பெட்டியும் போகும். அந்தத் தூரத்துக்கு ஃபைபர்தான்.

கரண்ட்

மோடம் அணைந்து எழுந்து, ஒளி பிடித்து, நிறுவனத்தோடு பேசி, இணையம் வர இரண்டு மூன்று நிமிடம் ஆகும். ஆகவே கண் சிமிட்டும் நேரக் கரண்ட் கட்டும் மூன்று நிமிட மௌனமாகிவிடும். டியூப்லைட் மங்கி மீண்டதைக்கூட யாரும் கவனித்திருக்க மாட்டார்கள், பாட்டு மட்டும் நின்றிருக்கும். மோடத்தின் நிலைப் பக்கத்தில் 'அப்டைம்' என்று ஒன்று இருக்கும்: கடைசியாக எழுந்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்று. பாட்டு நின்றவுடன் அதைத் திறந்து பாருங்கள். நான்கு நிமிடம் என்று காட்டினால் கோளாறு கரண்ட். லைன்காரரைக் கூப்பிட வேண்டாம்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் இப்படி ஆகிறது என்றால் இன்வெர்ட்டரின் சுவிட்சைப் பாருங்கள். 'நார்மல்' என்று இருந்தால் கரண்டிலிருந்து பேட்டரிக்கு மாற எடுக்கும் நேரம் அதிகம். 'யுபிஎஸ்' என்று வைத்தால் கம்ப்யூட்டர் அணையாத அளவுக்குச் சீக்கிரம் மாறும். தோட்டத்து மோட்டார் ஓடத் தொடங்கும்போது வோல்டேஜ் விழும் பகுதிகளில் மோடத்துக்கென்று 12 வோல்ட் மினி யுபிஎஸ் வாங்கி வைப்பதே நல்ல தீர்வு. வாங்கும் முன் மோடம் அடாப்டரின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள்: 12 வோல்ட் 1 ஆம்பியரா, 1.5ஆ, 2ஆ. மினி யுபிஎஸ்ஸின் ஆம்பியர் அதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும். வோல்ட் கண்டிப்பாக ஒன்றாக இருக்க வேண்டும்.

அடாப்டரே நொந்துபோவதும் சாதாரணம். இரண்டு மூன்று வருஷம் வெயிலிலும் ஏற்ற இறக்கத்திலும் கிடந்தால் உள்ளே கெப்பாசிட்டர் உப்பிவிடும். மோடம் ஓடும்; வைஃபையில் நாலு பேர் சேர்ந்து இழுக்கும்போது வோல்ட் சரிந்து தானாக ரீஸ்டார்ட் ஆகும். மல்டிமீட்டரில் 11.4க்கும் 12.6க்கும் இடையில் இருக்க வேண்டும். சுமை இல்லாமல் அளந்தால் 12 காட்டி ஏமாற்றும். தெரிந்த எலெக்ட்ரீஷியனிடம் கொடுத்து, சுமை ஏற்றி அளக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அதே அளவுள்ள வேறொரு அடாப்டரை ஒரு நாள் போட்டுப் பாருங்கள், தீர்ப்பு தெரிந்துவிடும்.

உங்கள் வீட்டில் கரண்ட் இருந்தும் இணையம் போகிறது, எதிர்ப்பக்கத் தெருவில் கரண்ட் வந்ததும் இணையமும் வருகிறது என்றால், வழியில் கரண்டில் ஓடும் சுவிட்ச் பெட்டி ஏதோ ஒரு வீட்டில் இருக்கிறது. முழு ஜிபான் (ஒரே ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரித்துத் தரும் ஃபைபர்) லைனில் நடுவில் கரண்ட் தேவைப்படும் கருவி எதுவும் இருக்காது, கண்ணாடி இழையும் ஸ்ப்ளிட்டரும் மட்டும். சின்ன கேபிள் நெட்வொர்க்குகள் சிலவற்றில் இன்னும் பழைய ஏற்பாடு இருக்கிறது. எல்லைக் கிராமங்களில் அந்தப் பெட்டி அடுத்த மாநில மின்வாரியத்தின் லைனில் இருக்கவும் கூடும். அதற்கு பேட்டரி வைக்கச் சொல்லிக் கேட்பதுதான் வழி.

ஃபைபர்: காற்றும் சாரலும்

மோடத்தில் 'லாஸ்' என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளியே வரவில்லை. அது எளிது, உடனே ஆளைக் கூப்பிடலாம். படுத்துவது அரைகுறை ஒளி. 'பான்' விளக்கு நிலையாக எரியும், இணையம் வரும், காற்றடிக்கும்போது மட்டும் விட்டு விட்டு அறும்.

மோடத்தின் பக்கத்தில் ஆப்டிகல் என்றோ பான் என்றோ ஒரு பகுதியில் 'ஆர்எக்ஸ் பவர்' (வந்து சேரும் ஒளியின் அளவு) என்று ஓர் எண் இருக்கும். பரவலாக உள்ள ஜிபான் கருவிகள் மைனஸ் 8க்கும் மைனஸ் 27க்கும் இடையில் வேலை செய்யும். மைனஸ் 15 முதல் 24 வரை நிம்மதி. மைனஸ் 26 என்றால் விளிம்பில் நிற்கிறீர்கள். இன்றைக்கு ஓடும், நாளைச் சாரலில் நிற்கும். மூன்று டெசிபல் குறைந்தால் வந்த ஒளியில் பாதி போய்விட்டது என்று பொருள். ஆகவே மைனஸ் 21 என்று இருந்தது மைனஸ் 24 ஆகியிருந்தால் 'இன்னும் எல்லைக்குள்தானே' என்று விடாதீர்கள். ஏதோ ஒரு இடம் கெட்டிருக்கிறது, இன்னும் கெடும்.

எண்ணை அமைதியான நாளில் ஒருமுறையும் காற்றடிக்கும்போது ஒருமுறையும் பாருங்கள். காற்றில் எண் ஆடினால் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் டிராப் கேபிள் எங்கோ இழுபடுகிறது. அந்தக் கேபிளில் கண்ணாடி இழையோடு ஓர் எஃகுக் கம்பி உண்டு. கம்பத்திலும் வீட்டுச் சுவரிலும் அந்தக் கம்பியைத்தான் கிளாம்பில் கட்ட வேண்டும். அவசரத்தில் முழுக் கேபிளையும் ஜன்னல் கம்பியில் சுற்றி முடிச்சுப் போட்டால் காற்றின் இழுப்பெல்லாம் கண்ணாடி இழைக்கு வரும். தென்னையில் சுற்றி எடுத்திருந்தால் இன்னும் மோசம். மரம் ஆடும்போதெல்லாம் கேபிள் ஆடும். மழைக்குப் பின் எண் சரிந்து, வெயில் வந்ததும் ஏறினால் கம்பத்து ஜாயிண்ட் பெட்டிக்குள் தண்ணீர். வீட்டுக்குள் நுழையும் இடத்தில் கேபிள் ஒருமுறை கீழே தாழ்ந்து பிறகு மேலேறி ஓட்டைக்குள் போக வேண்டும்; அப்போதுதான் தண்ணீர் அந்தத் தாழ்வில் சொட்டிவிடும். அணிலும் எலியும் கடிக்கும் இடமாக இருந்தால் ஓட்டின் மேல் போகும் பகுதிக்கு பிவிசி குழாய் போடச் சொல்லுங்கள்.

வீட்டுக்குள் மோடத்தில் செருகியிருக்கும் மெல்லிய ஃபைபர் வயரான பேட்ச் கார்டையும் பாருங்கள். கதவிடுக்கில் நசுங்கக் கூடாது, ஆணியில் மடங்கக் கூடாது. மிச்சத்தைச் சுருட்டினால் சாப்பாட்டுத் தட்டின் பாதி அகலத்துக்குக் குறையாத வட்டமாகச் சுருட்டுங்கள். முனையின் நிறம் முக்கியம். பச்சை முனை எட்டு டிகிரி சாய்வாகத் தேய்க்கப்பட்டது, நீல முனை தட்டை. பச்சை துளையில் நீலத்தைச் செருகினால் உள்ளே போகும், கிளிக் சத்தமும் கேட்கும், விளக்கும் எரியலாம். ஆனால் இரண்டு கண்ணாடி முகமும் சரியாக ஒட்டாமல் ஒளியில் பாதிக்கு மேல் வீணாகும், முகத்தில் கீறலும் விழும். நிறம் மாறியிருப்பதைக் கண்டால் அதுவே காரணமாக இருக்க நல்ல வாய்ப்பு. முனையைக் கழற்றினால் கண்ணுக்கு நேரே பிடிக்காதீர்கள். வரும் ஒளி 1490 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர், பார்த்தால் தெரியாது, ஆனால் கண்ணில் விழும். வெள்ளை முனையை விரலால் தொடாதீர்கள், வேட்டி நுனியால் துடைக்காதீர்கள். ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் நார் உதிராத துணியும் இருந்தால் ஒரே திசையில் ஒரு துடைப்பு. இல்லாவிட்டால் மூடியைப் போட்டு விட்டுவிடுங்கள், லைன்காரர் பார்த்துக்கொள்வார்.

400, 600 என்று ஏறும் பிங்

இதற்குக் காரணம் பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கும் மேல்நோக்கிய போக்குவரத்து. கல்யாணத்துக்குப் போய்வந்த போன் வீட்டு வைஃபையைக் கண்டதும் முந்நூறு படத்தையும் பத்து வீடியோவையும் கூகுள் ஃபோட்டோஸுக்கு ஏற்றத் தொடங்கும். வாசல் கேமரா இருபத்து நான்கு மணி நேரமும் மேலே அனுப்பிக்கொண்டிருக்கும். மோடம் அந்தச் சரக்கையெல்லாம் வரிசையில் அடுக்க, 'அடுத்த துண்டைக் கொடு' என்று பாட்டுச் செயலி அனுப்பும் சின்னக் கோரிக்கை அந்த வரிசையின் கடைசியில் நிற்கும். பேக்கப்பை இரவு நேரத்துக்கு மாற்றுங்கள், கேமராவின் தரத்தைக் குறையுங்கள். மோடத்தில் க்யூஓஎஸ் (போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் வசதி) இருந்தால் ஏற்றும் வேகத்தின் உச்சத்தை உண்மையான அளவில் 85 முதல் 90 சதவீதத்துக்குக் கட்டிவையுங்கள். வரிசை நிறுவனத்தின் பக்கம் தேங்காமல் உங்கள் மோடத்தின் கட்டுப்பாட்டில் இருக்கும்.

யாரும் எதுவும் ஏற்றாதபோதும் மாலை எட்டிலிருந்து பதினொன்று வரை மட்டும் ஏறினால் நெரிசல் நிறுவனத்தின் பக்கம். அதை வீட்டில் சரிசெய்ய முடியாது. தரத்தை 160 கேபிபிஎஸ்ஸுக்கு இறக்கினால் மணிக்கு 72 எம்பி போதும், 320க்கு 144 எம்பி. வழக்கமாகக் கேட்கும் பட்டியலைக் காலையிலேயே இறக்கி வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

அடுத்த பாட்டு தொடங்காத கோளாறுக்கு டிஎன்எஸ்ஸை 1.1.1.1, 8.8.8.8 என்று மாற்றிப் பாருங்கள். தீராவிட்டால் மோடத்தின் 'வேன்' முகவரியை (நிறுவனம் மோடத்துக்குத் தந்த எண்) பாருங்கள். 100.64க்கும் 100.127க்கும் இடையில் தொடங்கினால் பல வீடுகள் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்கின்றன. கூட்டம் மிகும்போது புது இணைப்புக்கு இடம் கிடைக்காது. பழைய இணைப்பு ஓடும், புதுப் பாட்டு திறக்காது. சில நிறுவனங்கள் கூடுதல் கட்டணத்தில் தனி முகவரி தருகின்றன. பிபிபிஓஇ லைனாக (பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையும் வகை) இருந்தால் மோடத்தில் எம்டியு (ஒரு துண்டின் உச்ச அளவு) 1492 என்று இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

சிம் போட்ட வைஃபை டப்பா

மலையோரத்தில் ஃபைபர் எட்டாத வீடுகள் சிம் ரவுட்டரை நம்பியிருக்கின்றன. தமிழ்நாடும் கேரளமும் வெவ்வேறு தொலைத்தொடர்பு வட்டங்கள். வீட்டை விட்டு நகராமலே அடுத்த மாநிலத்துக்கு வரவேற்கும் எஸ்எம்எஸ் வந்தால் உங்கள் கருவி அந்தப் பக்கத்து டவரைப் பிடித்துவிட்டது. ரோமிங்கில் இருக்கும் கருவி விட்டு விட்டுச் சொந்த வட்டத்தைத் தேடும், கிடைத்தால் தாவும், மறுபடி இழக்கும். தாவும்போதெல்லாம் டேட்டா சில விநாடி அறும். நெட்வொர்க் தேர்வை ஆட்டோவிலிருந்து மேனுவலுக்கு மாற்றி, சீராகக் கிடைப்பது எதுவோ அதில் பூட்டுங்கள். ரோமிங் டேட்டா அனுமதி ஆன் ஆக இருக்கட்டும். ஆர்எஸ்ஆர்பி என்ற எண் (டவர் சிக்னலின் பலம்) மைனஸ் 100ஐவிட நன்றாக உள்ள ஜன்னலைத் தேடி டப்பாவை அங்கே வையுங்கள். மைனஸ் 110க்குக் கீழே எந்தப் பூட்டும் உதவாது.

லைன்காரர் வரும்போது

'நெட் ஸ்லோ' என்று மட்டும் சொன்னால் வேகச் சோதனை ஓட்டிக் காட்டிவிட்டுப் போய்விடுவார். அறுந்த நேரங்கள் எழுதிய தாளையும், காற்றில் ஒன்று, அமைதியில் ஒன்று என எடுத்த ஆர்எக்ஸ் பவர் படங்களையும் காட்டுங்கள். கேபிளில் மோடம் வரை பிங் சுத்தம், அதற்கு மேல் அறுகிறது என்று சொல்லுங்கள். கம்பத்துப் பெட்டியிலும் வீட்டு முனையிலும் பவர் மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். கேரளப் பக்கத்துக்காரராக இருந்தால் 'பவர் எத்ரயுண்டு?' என்று கேட்டாலே நீங்கள் விஷயம் தெரிந்து பேசுகிறீர்கள் என்று புரிந்துகொள்வார். இரண்டு அளவுக்கும் ஒரு டெசிபலுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் இடையில் உள்ள டிராப் கேபிளோ அதன் முனையில் மாட்டிய ஃபாஸ்ட் கனெக்டரோ போய்விட்டது. பழைய கனெக்டரைத் துடைத்து மாட்டுவதோடு விடாமல், வெட்டிப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். முடிந்தால் இழையை உருக்கி ஒட்டும் ஸ்ப்ளைஸ் மெஷினில் ஒட்டச் சொல்லுங்கள், அந்த ஒட்டில் இழப்பு 0.1 டெசிபலுக்குள் நிற்கும். வேலை முடிந்து அவர் வண்டியை எடுக்கும் முன் ஆர்எக்ஸ் பவரை மறுபடி பார்த்து, தேதியோடு ஒரு துண்டுத் தாளில் எழுதி மோடத்தின் அடியில் ஒட்டிவையுங்கள்.